யாருடைய பணம்?

மலேசியத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வளர்ந்த மூத்த தலைமுறையினருக்கு ‘555’ குறிப்பேடு நன்கு அறிமுகமானது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குறிப்பேட்டின் மேலட்டையில் 555 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய் என எதைக் கடனுக்கு வாங்கினாலும் மளிகைக்கடைக்காரர் அதில் தேதியையும் தொகையையும் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குத் தீர்ப்பார்கள். முழுவதும் தீராவிட்டால் பாக்கி அடுத்த மாதத்திற்குப் போகும். கடைக்காரர் வாங்குபவரின் குடும்பத்தை அறிந்தவர். சம்பளம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பாக்கி ஏறிக்கொண்டே போனால், “பழைய கணக்கை முதலில் பாரப்பா” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

கடன்பற்று அட்டையும் அடிப்படையில் இப்படிப்பட்ட ஒரு பற்றுக் கணக்குதான். பொருளை இன்று வாங்கலாம்; பணத்தைப் பிறகு கொடுக்கலாம். ஆனால், பழைய கணக்கை நினைவூட்டும் அந்த முகம் மட்டும் இங்கே இல்லை. அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தொடும்வரை அட்டை ‘வேண்டாம்’ என்று சொல்வதே இல்லை. அதனால், கடைக்காரர் கேட்ட கேள்வியை அட்டை வைத்திருப்பவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது செலவாவது யாருடைய பணம்?

பற்று அட்டையைப் பயன்படுத்தும்போது இதற்கான விடை எளிது. வாங்குபவர் ஏற்கெனவே வங்கியில் போட்டு வைத்திருக்கும் பணம் அந்தக் கணமே கழிக்கப்படுகிறது. கணக்கில் 80 ரிங்கிட் இருந்தால் 100 ரிங்கிட் காலணியை வாங்க முடியாது. கடன்பற்று அட்டையோ பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். அதே அளவு, அதே சில்லு, அதே 16 எண்கள். கட்டண இயந்திரத்தில் காட்டும்போது எழும் ஒலியும் ஒன்றுதான். ஆயினும், அங்கே செலவாவது வங்கியின் பணம். வங்கி தன் பணத்தைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வாங்கியவரின் பெயரில் கடனாக எழுதிக்கொள்கிறது. இவ்விரு அட்டைகளும் ஒரே பணப்பையில் அடுத்தடுத்து இருப்பதால் இந்த வேறுபாடு பலருக்கு மறந்துபோகிறது.

தொடக்கத்தில் இத்தகைய அட்டைகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1950-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அறிமுகமான டைனர்ஸ் கிளப் அட்டை உணவகங்களில் கையில் பணமின்றிச் சாப்பிட உதவியது. ஆனால், மாத இறுதியில் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். எட்டு ஆண்டுகள் கழித்து, 1958-இல், பேங்க் ஆஃப் அமெரிக்கா என்ற வங்கி கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்து மக்களுக்கு ஏறத்தாழ 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த அட்டைகள் அவை. முழுத் தொகையையும் கட்ட வேண்டிய கட்டாயம் அவற்றில் இல்லை. ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மீதியை வட்டியோடு அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போடலாம். இன்றைய கடன்பற்று அட்டையின் வசதியும் ஆபத்தும் அந்த ‘ஒரு பகுதி’யில்தான் அடங்கியிருக்கின்றன.

மலேசியாவில் 21 வயது நிரம்பியவரே தம் பெயரில் கடன்பற்று அட்டை பெற முடியும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். அதாவது, மாதம் 2,000 ரிங்கிட். ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்குப் பேங்க் நெகாரா மேலும் ஒரு வரையறை வைத்துள்ளது. அவர்கள் இரண்டு வங்கிகளிடம் மட்டுமே அட்டை பெறலாம். ஒவ்வொரு வங்கியும் மாத வருமானத்தைப் போல இரண்டு மடங்கு வரையே கடன் வரம்பு தரலாம். இவை நல்ல விதிகள்தாம். ஆயினும், கணக்கிட்டுப் பார்த்தால் மாதம் 2,000 ரிங்கிட் சம்பாதிக்கும் ஓர் இளைஞருக்கு இரண்டு அட்டைகளிலும் சேர்த்து 8,000 ரிங்கிட் வரை கடன் கிடைக்கும். அது நான்கு மாதச் சம்பளம். அந்தச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 220 ரிங்கிட், பிடிக்கப்படும். சொக்சோ சந்தாவும் உண்டு. ஆகவே, மாதம் கையில் கிடைப்பது 1,800 ரிங்கிட்டுக்கும் குறைவு.

அத்தகைய இளைஞர் ஒருவர் கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய திறன்பேசி, மடிக்கணினி, பெருநாளுக்குத் துணிமணி என ஓர் அட்டையின் வரம்பான 4,000 ரிங்கிட்டையும் அவர் செலவழித்துவிடுகிறார். மாத இறுதியில் கணக்கறிக்கை வருகிறது. அதில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று மொத்தக் கடன். மற்றொன்று ‘குறைந்தபட்சத் தொகை’. இது பொதுவாக மொத்தக் கடனில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அது. கணக்கறிக்கை வந்த நாளிலிருந்து குறைந்தது 20 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் மொத்தத்தையும் கட்டிவிடுபவர் வாங்கிய பொருள்களுக்கு ஒரு காசுகூட வட்டி கொடுப்பதில்லை. இதுவே கடன்பற்று அட்டையின் உண்மையான நன்மை. வங்கியின் பணத்தைச் சில வாரங்களுக்கு இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். முழுவதும் கட்டாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

நம் இளைஞரால் 4,000 ரிங்கிட்டை ஒரே தடவையில் கட்ட முடியவில்லை. எனவே, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்ட முடிவுசெய்கிறார். அவர் பொறுப்பானவர், ஒரு மாதம்கூடத் தவறுவதில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் தவணை தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு. 10 அல்லது 11 மாதங்கள் ஒழுங்காகக் கட்டினால் 17 விழுக்காடு. அதற்கும் குறைந்தால் 18 விழுக்காடு. அவருக்கு மிகவும் சாதகமான 15 விழுக்காட்டையே முதல் மாதத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். அவர் புதிதாக எதையும் வாங்கவில்லை என்றும் கொள்வோம்.

ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றால் மாதத்திற்கு 1.25 விழுக்காடு. முதல் மாத வட்டி 50 ரிங்கிட். கடன் 4,050 ரிங்கிட்டாகிறது. அதில் 5 விழுக்காடாகிய 202 ரிங்கிட் 50 காசை அவர் கட்டுகிறார். அசலில் குறைந்தது 152 ரிங்கிட் 50 காசு மட்டுமே. இரண்டாம் மாதம் அவர் கட்ட வேண்டிய தொகை 195 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. மூன்றாம் மாதம் இன்னும் குறைவு. பார்ப்பதற்கு இது ஆறுதலாக இருக்கிறது. சுமை மாதந்தோறும் இலேசாவது போலத் தோன்றுகிறது. உண்மையில், கட்டும் தொகை குறையக் குறையக் கடன் தீரும் வேகமும் குறைகிறது. ஓராண்டு முடிவில் அவர் மொத்தம் 1,980 ரிங்கிட் கட்டியிருப்பார். கடனோ இன்னும் 2,500 ரிங்கிட்டுக்கு மேல் நிற்கும். இப்படியே போனால் கடன் முழுவதும் தீர 59 மாதங்களாகும். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 1,140 ரிங்கிட் போயிருக்கும். வட்டி 18 விழுக்காடாக இருந்தால் 63 மாதங்கள். வட்டித் தொகை 1,450 ரிங்கிட்டைத் தொடும். ஐந்து ஆண்டுகளில் அந்தத் திறன்பேசி பழுதாகி மூலையில் கிடக்கலாம். அதற்கான கடன் மட்டும் மாதந்தோறும் கணக்கறிக்கையில் தலைகாட்டிக்கொண்டிருக்கும்.

இதே கணக்கில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். முதல் மாதம் கட்டிய அதே 202 ரிங்கிட் 50 காசை, வங்கி கேட்கும் தொகை குறைந்தாலும் தாம் குறைக்காமல், அவர் ஒவ்வொரு மாதமும் கட்டி வருகிறார். வருமானம் கூடவில்லை, முதல் மாதத்தைவிட அதிகமாக ஒரு காசும் அவர் கட்டவில்லை. ஆனால், கடன் 23 மாதங்களில் தீர்ந்துவிடும். வட்டி ஏறக்குறைய 620 ரிங்கிட்டோடு நின்றுவிடும். மூன்று ஆண்டுகளும் 500 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட பணமும் மிச்சமாகும். ‘குறைந்தபட்சத் தொகை’ என்பது வங்கி வாடிக்கையாளருக்குக் கூறும் ஆலோசனையன்று. அபராதத்தைத் தவிர்க்கத் தேவையான எல்லைக்கோடு மட்டுமே அது. அந்த எல்லைக்கும் கீழே போனால் தாமதக் கட்டணம் சேரும். அது கடனில் ஒரு விழுக்காடு. குறைந்தது 10 ரிங்கிட், கூடினால் 100 ரிங்கிட்.

அட்டையைக் கொண்டு தானியங்கி இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது இதைவிடச் செலவு மிகுந்தது. பொருள் வாங்கும்போது கிடைக்கும் 20 நாள் அவகாசம் ரொக்கத்திற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி தொடங்கும். அது 18 விழுக்காடு வரை போகும். அதன்மேல், எடுக்கும் தொகையில் 5 விழுக்காடு வரை கட்டணமும் உண்டு. அவசரத்திற்கு 500 ரிங்கிட் எடுத்தால் அப்போதே 25 ரிங்கிட் கழிந்துபோகலாம். ‘வாழ்நாள் முழுவதும் கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யப்படும் அட்டைக்கும் ஆண்டுதோறும் அரசாங்கத்தின் சேவை வரி 25 ரிங்கிட் உண்டு என்பதையும் பலர் முதல் கணக்கறிக்கையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள்.

அண்மைய ஆண்டுகளில், ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்னும் திட்டங்கள் இணையக் கடைகளிலும் மின்பணப்பைகளிலும் பரவியுள்ளன. 120 ரிங்கிட் சட்டையை மூன்று தவணைகளில் 40 ரிங்கிட்டாக வட்டியில்லாமல் கட்டலாம். தனியாகப் பார்த்தால் இதில் தவறேதும் இல்லை. தொல்லை எங்கே வருகிறதென்றால், 40 ரிங்கிட் என்ற சிறிய தொகையையே கண் பார்க்கிறது. சட்டைக்கு 40, காலணிக்கு 60, ஒலிவாங்கிக்கு 35 என ஐந்தாறு தவணைகள் சேர்ந்துவிட்டால், அடுத்த மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே அதன் ஒரு பகுதி செலவழிந்துவிடுகிறது. இங்கே செலவாவது வங்கியின் பணமும் அன்று. இன்னும் உழைத்துச் சம்பாதிக்காத எதிர்காலச் சம்பளம்.

வரவுசெலவைத் திட்டமிடுவது பற்றிப் பள்ளிகளில் நிறையவே பேசப்படுகிறது. செலவுகளை வகைப்படுத்தி அழகிய அட்டவணை போடுவதைவிட, பணம் வந்த நாளன்றே சேமிப்பை ஒதுக்கிவிடுவது நடைமுறையில் எளிது. செலவுபோக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. மாதம் 150 ரிங்கிட் வேறொரு கணக்கிற்குத் தானாகவே போய்விடும்படி வங்கியில் ஏற்பாடு செய்துகொண்டால், ஓராண்டில் 1,800 ரிங்கிட் சேரும். மோட்டார் சைக்கிள் பழுதடைந்தாலும் வீட்டில் யாராவது நோயுற்றாலும் அட்டையைத் தேடாமல் சமாளிக்க அது உதவும். மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தில் உறுப்பியம் பெற்ற வங்கி நொடித்துப்போனாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரையிலான சேமிப்புக்குப் பாதுகாப்பு உண்டு.

இதுவரை கூறியது சொந்த விருப்பத்தோடு செலவழிக்கும் பணத்தைப் பற்றியது. இணையத்திலோ, ஒருவருடைய பணத்தை அவர் கையாலேயே பிறருக்கு அனுப்ப வைக்கும் வேலை நடக்கிறது. முன்பெல்லாம் திருடன் பணப்பையைப் பறிக்க வேண்டியிருந்தது. இப்போது அட்டையின் முன்புறத்தில் உள்ள எண், காலாவதித் தேதி, பின்புறத்தில் உள்ள மூன்று இலக்க எண் ஆகியவை தெரிந்தாலே சில இணையத்தளங்களில் பொருள் வாங்கிவிடலாம். அட்டை உரியவரின் சட்டைப்பையிலேயே இருக்கும்! அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து ஒரு கணக்கு முறைப்படி பெறப்படுவது. ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால், அது தட்டச்சுப் பிழையைத்தான் கண்டுபிடிக்குமே தவிர, தட்டச்சு செய்பவர் யார் என்பதை அறியாது. முதல் அட்டை கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் பகிர்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கவே வங்கிகள் குறுஞ்செய்தி வழியாக ஒருமுறை மட்டும் பயன்படும் கடவு எண்ணை அனுப்பின. ‘டேக்’ எண் என்று மலேசியர்கள் அழைத்தது இதைத்தான். மோசடிக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். வீட்டைத் துப்புரவு செய்து தருவதாகச் சமூக ஊடகத்தில் மலிவு விலை விளம்பரம் வரும். முன்பதிவு செய்ய ஒரு செயலியைப் பதிவிறக்கும்படி புலனத்தில் இணைப்பு அனுப்புவார்கள். அதிகாரப்பூர்வச் செயலிக் கடையில் இல்லாத அந்தச் செயலி, திறன்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருட்டுத்தனமாகப் படித்துவிடும். பிறகு கடவு எண் யாருக்கு வந்தால் என்ன? எனவே, 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகளை அறிவித்தது. குறுஞ்செய்திக் கடவு எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாற வேண்டும். பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தர ஒருவருக்கு ஒரே சாதனம் மட்டுமே இருக்க வேண்டும். புதிய சாதனத்தைப் பதிவுசெய்தால் சிறிது நேரம் கழித்தே அதைப் பயன்படுத்த முடியும் என்பன அவற்றுள் சில.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட ‘காத்திருப்பு நேரம்’ பலருக்கு எரிச்சலூட்டுகிறது. புதிய திறன்பேசி வாங்கியவர், வங்கிச் செயலி உடனே வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால், அந்த ஏற்பாட்டில் நுட்பம் இருக்கிறது. ஏனெனில், இணைய மோசடிகளில் பெரும்பாலானவை அவசரத்தை நம்பியே நடக்கின்றன. காவல்துறை, வருமான வரி வாரியம் அல்லது அஞ்சல் நிறுவனத்திலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் ஒரு குரல் கேட்கும். “உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது, இன்னும் ஒரு மணி நேரத்தில் கைதாவீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அது மிரட்டும். விசாரணை முடியும்வரை பணத்தை ஒரு ‘பாதுகாப்பான’ கணக்கிற்கு மாற்றச் சொல்லும். கேட்பவர் படித்தவரா, படிக்காதவரா என்பது இங்கே பெரிதன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட இப்படி ஏமாந்திருக்கிறார்கள். அச்சத்தில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் சிந்திக்கக் கிடைத்தால், அல்லது பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால், அந்தக் கதை உடைந்துவிடும். அதனாலேயே மோசடிக்காரர் அவருக்கு நேரத்தையும் துணையையும் கொடுப்பதில்லை. காவல்துறை எவருடைய பணத்தையும் தொலைபேசி வழியாக வேறு கணக்கிற்கு மாற்றச் சொல்வதில்லை.

மாற்றப்பட்ட பணம் எங்கே போகிறது? இங்கேதான் மாணவர்களும் இளைஞர்களும் தங்களை அறியாமலே உள்ளே இழுக்கப்படுகிறார்கள். மோசடிக்காரர் தம் சொந்தக் கணக்கில் பணத்தை வாங்கினால் உடனே பிடிபட்டுவிடுவார். அதனால் அவருக்குப் பிறருடைய கணக்குகள் தேவை. “உன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம்” என்று ஒரு நண்பரின் நண்பர் கேட்பார். பகுதிநேர வேலை என்ற பெயரில், வரும் பணத்தை வேறொரு கணக்கிற்கு அனுப்பிவிட்டுக் கழிவு எடுத்துக்கொள்ளவும் சொல்வார்கள். இத்தகைய கணக்கை மலாய்மொழியில் ‘அக்காவுன் கெல்டாய்’, அதாவது ‘கழுதைக் கணக்கு’ என்கிறார்கள். மூட்டை யாருடையது என்று அறியாமல் சுமக்கும் கழுதை என்பது பொருள். கழுதையை யாரும் குற்றம் சாட்டுவதில்லை. கணக்கின் உரிமையாளரைச் சட்டம் அப்படி விடுவதில்லை. காவல்துறை விசாரணை தொடங்கும்போது முதலில் தெரியவருவது அவருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும்தான். 2024-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டத்தின்படி, தன் கணக்கைச் சட்டத்திற்குப் புறம்பாகப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பதே தண்டனைக்குரிய குற்றம். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லும் பதினெட்டு வயது மாணவரின் கணக்கு வழியாக, எங்கோ ஒரு மூதாட்டியின் வாழ்நாள் சேமிப்பு போயிருக்கக்கூடும்.

அறிமுகமில்லாத ஒருவருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால், அவருடைய கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்க்கலாம். முன்பு அந்த எண்ணின்மீது புகார் வந்திருந்தால் அது காட்டும். புகார் இல்லை என்பதால் நம்பிவிடலாம் என்று பொருளில்லை. நேற்றுத் திறக்கப்பட்ட கணக்கின்மீது யார் புகார் கொடுத்திருக்க முடியும்? டுயிட்நவ் வழியாகவோ கியூஆர் குறியீடு வழியாகவோ பணம் செலுத்தும்போது, உறுதிப்படுத்துவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். கடையின் பெயருக்குப் பதிலாக வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தால் கடைக்காரரைக் கேட்டுவிடுவது நல்லது. உண்மையான குறியீட்டின்மேல் வேறொன்றை ஒட்டிவிடுவது கடினமான வேலையன்று.

ஏமாந்துவிட்டதாக உணர்ந்தவர் உடனே தம் வங்கியையோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். இங்கே அவசரப்படுவது முற்றிலும் சரி. திருடப்பட்ட பணம் ஒரு கழுதைக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு எனச் சில நிமிடங்களில் ஓடிவிடும். அது இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் நிற்கும்போதே முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு இரவு முழுவதும் யோசித்துவிட்டு மறுநாள் புகார் செய்பவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது.

கடனில் மூழ்கியவர்களும் இதே வெட்கத்தால்தான் காலம் கடத்துகிறார்கள். ஓர் அட்டையின் பாக்கியைக் கட்ட இன்னோர் அட்டையில் ரொக்கம் எடுப்பது, பிறகு இரண்டையும் கட்ட ஆலோங்கிடம் போவது என்று அந்தப் பாதை நீள்கிறது. உரிமம் பெற்ற வட்டித்தொழிலர் அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் வரையறுக்கிறது. உரிமமில்லாத ஆலோங் வாரத்திற்கு 10 விழுக்காடு கேட்டால், அது ஆண்டுக்கு 520 விழுக்காடாகிறது. வங்கிக் கடனின் வட்டியைக் கண்டு அஞ்சி ஓடியவர் அதைப் போல இருபத்தெட்டு மடங்கிற்கும் மேலான வட்டியிடம் போய்ச் சேர்கிறார்.

கடன் கட்டாத செய்தி எங்கும் போகாது என்று நினைப்பதும் தவறு. பேங்க் நெகாராவின் ‘சிசிரிஸ்’ என்னும் கடன் தகவல் முறையில், ஒருவர் எந்தெந்த வங்கியில் எவ்வளவு கடன் வைத்துள்ளார், கடந்த 12 மாதங்களில் எந்தெந்த மாதம் தவணை தவறினார் என்பவை பதிவாகியிருக்கும். வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். இருபத்திரண்டு வயதில் வாங்கிய திறன்பேசியின் பாக்கி, அது தீராமல் நீண்டால், இருபத்தேழாவது வயதில் வீடு வாங்கும்போது குறுக்கே நிற்கலாம். கடன் இன்னும் பெருகினால், ஒருவரை நொடிப்பானவராக அறிவிக்கும்படி கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்கான குறைந்தபட்சக் கடன் தொகை முன்பு 30,000 ரிங்கிட்டாக இருந்து, 2017-இல் 50,000 ரிங்கிட்டாகி, இப்போது 100,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. நொடிப்பானவர் அனுமதியின்றி வெளிநாடு செல்ல முடியாது. தங்கை சிங்கப்பூரில் பிள்ளை பெற்றிருந்தாலும், பார்த்துவரக் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும்.

அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பதற்காகவே பேங்க் நெகாரா 2006-இல் ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதன் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ‘உங்கள் கடனைத் தீர்த்துவைக்கிறோம்’ என்று விளம்பரம் செய்து முன்பணம் கேட்கும் தனியாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏகேபிகே யாருடைய கடனையும் தானே அடைப்பதில்லை. யாருக்கும் பணம் கொடுப்பதுமில்லை. கடனாளியின் வருமானம், குடும்பச் செலவு, ஒவ்வொரு வங்கிக்கும் உள்ள பாக்கி ஆகியவற்றை எடுத்துப் பார்த்து, அவர் மாதந்தோறும் எவ்வளவு கட்ட முடியும் என்று அது கணக்கிடுகிறது. பிறகு, அதற்கு ஏற்பத் தவணையை மாற்றியமைக்க வங்கிகளோடு பேசுகிறது. வங்கிகள் இணங்கினால், பல இடங்களில் கட்ட வேண்டியதை ஒரே திட்டத்தின்கீழ் கட்டி வரலாம். தீர்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் அவர் பழைய அட்டைகளைப் பயன்படுத்த முடியாது. புதிய கடனும் வாங்க முடியாது.